ரினீவல் நோட்டீஸ் வந்தாச்சா? பெரியவங்க ஹெல்த் பாலிசி பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே புலம்பல்தான். ரினீவல் நோட்டீஸ் வந்துடுச்சு, பிரீமியம் ஏறிடுச்சு, வேற கம்பெனிக்கு போலாமா வேணாமா. அதனால டெபாசிட், ஃபண்ட் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டேன், கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

எனக்கு 67, ஆத்துக்காரருக்கு 71. ரெண்டு பேருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் பாலிசி, 2014லேர்ந்து ஒரே கம்பெனிலதான் கட்டிண்டு வரோம். போன வருஷம் 47,200 கட்டினோம், இந்த வருஷம் 46,500னு நோட்டீஸ் வந்திருக்கு, 700 ரூபா குறைஞ்சிருக்கேன்னு சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா வேற கம்பெனிலேர்ந்து ஒரு பையன் தினம் போன் பண்றான், "34,000தான் மாமி, 10 லட்சம் கவர், அதை விட்டுட்டு இங்க வந்துடுங்கோ"ங்கறான். ஜனவரி 20 ரினீவல். இவருக்கு சுகர் உண்டு, 2019ல ஸ்டென்ட் வெச்சிருக்கு. மாறலாமா? (ஆர்.எல்., மேற்கு மாம்பலம்)

மாமி, முதல்ல அந்த 700 ரூபா சந்தோஷத்தை கொஞ்சம் ஓரமா வைங்க. போன வருஷம் நீங்க கட்டின 47,200ல 7,200 ரூபா ஜிஎஸ்டி, கம்பெனிக்கு போன பிரீமியம் வெறும் 40,000தான். 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, 18 சதவீதம்ங்கறது பூஜ்யம் ஆயிடுச்சு. அப்போ இந்த 46,500 மொத்தமும் பிரீமியம். 40,000 எங்க, 46,500 எங்க, 16 சதவீதத்துக்கு மேல ஏத்திட்டு குறைஞ்ச மாதிரி ஒரு நோட்டீஸ். இந்த வருஷம் ரினீவல் வர்ற எல்லாரும் மொத்தத் தொகையை பார்க்காதீங்க, போன வருஷ ரசீதுல வரியை கழிச்சுட்டு பேஸ் பிரீமியத்தை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க.

அதோட, 60 வயசு தாண்டினவங்களுக்கு ஒரு வருஷத்துல 10 சதவீதத்துக்கு மேல ஏத்தணும்னா கம்பெனி முன்கூட்டியே ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற அரசு அமைப்பு) கிட்ட கலந்து பேசணும்னு 2025 ஜனவரி கடைசில உத்தரவு போட்டிருக்காங்க. அதனால ஒரு மெயில் போடுங்க, "பேஸ் பிரீமியம் எதனால 16 சதவீதம் ஏறிச்சு, எழுத்துல பதில் குடுங்க"ன்னு, அவ்ளோ போதும். வயசு ஸ்லாப் மாறிடுச்சும்பாங்க, சொல்லட்டும், ஆனா போன்ல சொல்ல வேணாம், மெயில்ல சொல்லட்டும்.

இப்போ அந்தப் பையன் விஷயம். அவன் சொன்னதுல ஆபத்தான வார்த்தை 34,000 இல்ல, "விட்டுட்டு வந்துடுங்கோ"ங்கறதுதான். பழசை விட்டுட்டு புதுசா வாங்கறது வேற, பழசை போர்ட் பண்றது, அதாவது தொடர்ச்சி அறுபடாம அதே பாலிசியை வேற கம்பெனிக்கு மாத்திக்கறது, வேற. புதுசா வாங்கினா மாமாவோட சுகருக்கும் ஹார்ட்டுக்கும் 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங் பீரியட் (அந்த வியாதிக்கு க்ளெய்ம் கிடைக்காத காலம்) போடலாம், நீங்க 2014லேர்ந்து கட்டின அத்தனையும் கணக்குல இல்லாம போயிடும். போர்ட் பண்ணினா முடிச்ச வெயிட்டிங் கூடவே வரும், ஆனா அதுவும் உங்க பழைய 5 லட்சத்துக்கும் க்ளெய்ம் இல்லாத வருஷத்துக்கு அதுல சேர்ந்த போனஸ் கவருக்கும்தான். மேல தர்ற மிச்ச தொகைக்கு வெயிட்டிங் புதுசா ஆரம்பிக்கும். அதாவது 10 லட்சம்னு சொன்னாலும் மாமாவோட ஹார்ட்டை பொறுத்தவரை முதல் 3 வருஷம் அது கிட்டத்தட்ட உங்க பழைய கவரேஜ்தான்.

அதுக்கு மேல, போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும் எடுத்துக்கணும்னு புது கம்பெனிக்கு கட்டாயம் கிடையாது. 71 வயசு, ஸ்டென்ட், சுகர்... மாட்டேன்னு சொல்ல வாய்ப்பு நிறையவே இருக்கு, மனசுல வெச்சுக்கோங்க. ஆனா இப்ப இருக்கற கம்பெனி, நீங்க க்ளெய்ம் பண்ணினீங்கன்னு சொல்லி ரினீவல் மறுக்க முடியாது. இன்னொண்ணு, தொடர்ந்து 5 வருஷம் கட்டின பாலிசில, நீங்க அன்னிக்கு இதை சொல்லல அதை மறைச்சீங்கன்னு க்ளெய்மை தள்ள முடியாது, மோசடின்னு நிரூபிச்சாலொழிய. முன்னாடி அது 8 வருஷமா இருந்தது, 2024லதான் 5 ஆக்கினாங்க. அந்த பாதுகாப்பு உங்களுக்கு ஏற்கெனவே கையில இருக்கு. இதுக்கெல்லாம் விலை போட்டா 12,500 ரூபா வித்தியாசம் பெருசா தெரியாது.

என் அபிப்ராயம், மாமா இப்ப இருக்கற எடத்துலயே இருக்கட்டும். ஆனா நீங்க? ஃப்ளோட்டர்ல பிரீமியம் பெரும்பாலும் மூத்தவர் வயசை வெச்சுதான் போடுவாங்க, உங்களுக்கு பெருசா வியாதி எதுவும் இல்லைன்னா உங்க பேரை மட்டும் பிரிச்சு தனி பாலிசியா போர்ட் பண்ணினா என்ன ஆகும்னு ரெண்டு கம்பெனில கோட் வாங்கி பாருங்க. வாங்கும்போது பிரீமியம் மட்டும் கேக்காம கோ-பே (ஒவ்வொரு க்ளெய்ம்லயும் நாம கைக்காசு போட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், ரூம் ரென்ட்டுக்கு லிமிட் இருக்கா, கண்புரை, மூட்டு மாதிரி ஆபரேஷனுக்கு தனி லிமிட் இருக்கா, நீங்க வழக்கமா போற ஆஸ்பத்திரில கேஷ்லெஸ் (பில்லை கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டறது) உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. 34,000க்கு குடுக்கறவன் இதுல எங்கயோ ஒரு எடத்துல கையை வெச்சிருப்பான்.

போர்ட் பண்றதா இருந்தா ரினீவலுக்கு 60 நாள் இருக்கும்போது ஆரம்பிச்சு 45 நாளுக்கு முன்னாடி விண்ணப்பத்தை குடுத்துடணும், உங்க தேதிக்கு கணக்கு பண்ணினா நவம்பர் 21லேர்ந்து டிசம்பர் 6 வரைக்கும். பழைய கம்பெனி 72 மணி நேரத்துல விவரத்தை அனுப்பணும், புதுசு 5 நாள்ல முடிவு சொல்லணும்னு விதி இருக்கு, இருந்தாலும் இழுத்தடிப்பாங்க. புது கம்பெனி எழுத்துல சரின்னு சொல்லி பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் பழசை விடவே கூடாது. ஜனவரி 18 வரைக்கும் பதில் வரலையா, பேசாம பழசுக்கே கட்டிடுங்க. கெடு தாண்டியும் கட்ட 30 நாள் கிரேஸ் இருக்கேன்னு இருந்துடாதீங்க, வருஷ பிரீமியம் மொத்தமா கட்றவங்களுக்கு அந்த கிரேஸ் நாள்ல ஆஸ்பத்திரில சேர்ந்தா க்ளெய்ம் கிடைக்காது, பாலிசி தொடர்ச்சி மட்டும்தான் அறுந்து போகாம இருக்கும்.

அம்மாவுக்கு 69. பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன், 6 நாள் இருந்தாங்க. மொத்த பில் 4,10,000. பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கு, ஆனா கம்பெனி குடுத்தது 2,44,000தான். 5 லட்சத்துக்குள்ளதானே பில், ஏன் சார் முழுசா தரல? டிபிஏ (கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்கற ஏஜென்சி) டெஸ்க்ல கேட்டா "பாலிசி கண்டிஷன் மேடம்"னு ஒரே பதில். (எஸ்.கே., அண்ணா நகர்)

நீங்க பாலிசி காப்பியும் பில்லும் சேர்த்து அனுப்பினது ரொம்ப நல்லதாப்போச்சு, ஏன்னா விஷயம் அதுல ரெண்டே வரியில இருக்கு. ஒண்ணு, ரூம் வாடகை நாளைக்கு சம் இன்ஷூர்டுல, அதாவது பாலிசி தொகையில, 1 சதவீதம், அதாவது 5,000. ரெண்டாவது, கோ-பே 20 சதவீதம்.

நீங்க எடுத்தது 8,000 ரூபா ரூம். 3,000 வித்தியாசம், 6 நாளைக்கு 18,000, அதை நம்ம கைக்காசுல குடுத்துடலாம்னு நினைச்சிருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஆனா ரூம் லிமிட்டை தாண்டினா டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் மாதிரி செலவையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க, 8,000க்கு 5,000ங்கற கணக்குல, அதாவது எட்டுல அஞ்சு பங்கு. உங்க பில்லுல அந்த வகை செலவு 2,32,000, அதுல கிடைச்சது 1,45,000. ரூம் வாடகை 48,000ல 30,000. உள்ள வெச்ச இம்ப்ளான்ட், மருந்து, டெஸ்ட் எல்லாம் 1,30,000, அதை வெட்டல. கூட்டினா 3,05,000. அதுல 20 சதவீதம் கோ-பே 61,000 போக 2,44,000. கணக்கு சரியா வருது. அந்த 18,000 ரூபா சௌகரியத்துக்கு மேல இன்னும் 87,000 போயிருக்கு, வயித்தெரிச்சல்தான்.

ஆனா இதோட விட வேணாம். ரூமுக்கு தகுந்த மாதிரி ரேட் மாத்தாத ஆஸ்பத்திரில, அதாவது ஜெனரல் வார்டுக்கும் டீலக்ஸ் ரூமுக்கும் ஒரே சர்ஜன் ஃபீஸ், ஒரே தியேட்டர் சார்ஜ்னு வாங்கற எடத்துல, இந்த விகித வெட்டு போடவே கூடாதுன்னு விதி இருக்கு. ஆஸ்பத்திரி பில்லிங்ல போய் ரூம் வாரியா டேரிஃப் ஷீட் கேளுங்க. ரேட் ஒண்ணாவே இருந்தா அந்த ஷீட்டை வெச்சு கம்பெனியோட கிரீவன்ஸ் ஆபீசருக்கு மெயில் போடுங்க. 30 நாள்ல பதில் வரல, இல்ல வந்த பதில் திருப்தி இல்லைன்னா இன்ஷூரன்ஸ் தகராறை தீர்த்து வைக்கற ஓம்பட்ஸ்மன் கிட்ட போலாம், சென்னை ஆபீஸ் அண்ணா சாலையிலயே தேனாம்பேட்டைல இருக்கு. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வெச்சுக்கவும் முடியாது, நீங்களேதான் பேசணும். கம்பெனி முடிவா மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும், 50 லட்சம் வரைக்கும் உள்ள தகராறை அவங்க பார்ப்பாங்க.

அடுத்த ரினீவலுக்கு, அதே கம்பெனில ரூம் லிமிட் இல்லாத பிளானுக்கு மாத்தித்தர முடியுமான்னு கேளுங்க, அதே கம்பெனிக்குள்ள மாறினாலும் முடிச்ச வெயிட்டிங் கூடவே வரும். பிரீமியம் கொஞ்சம் கூடும். கூடட்டும்னுதான் சொல்லுவேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரில சேரும்போதே அட்மிஷன் கவுன்டர்ல "எங்க பாலிசில ரூம் 5,000தான், அதுக்குள்ள குடுங்க"ன்னு சொல்லிடணும், ரூம் காலி இல்ல மேல்வகுப்புதான் இருக்குன்னா காலியானதும் மாத்தச் சொல்லணும்.

எங்க அக்காவும் மாமாவும் நியூஜெர்சில பையன் வீட்டோட இருக்காங்க, கிரீன் கார்டு வந்து 8 வருஷம், பெரியவங்களுக்கான அமெரிக்க அரசோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் மெடிகேர் இருக்கு. வருஷா வருஷம் டிசம்பர் பாதில வந்து மார்ச் கடைசி வரைக்கும் எங்க வீட்டுலதான், கச்சேரி சீசன் அவங்களுக்கு விட முடியாது. அங்க இப்போ பிளான் மாத்தற சீசனாம், போன் மேல போன் வருதாம். எதை பார்த்து முடிவு பண்ணணும்? இங்க ஏதாவது உடம்புக்கு வந்தா மெடிகேர் குடுக்குமா? (வி., திருவான்மியூர்)

ரெண்டாவது கேள்விக்கு பதில் சின்னது, பொதுவா குடுக்காது. அமெரிக்காவுக்கு வெளில நடக்கற வைத்தியத்துக்கு அரசே நேரா நடத்தற ஒரிஜினல் மெடிகேர் கிட்டத்தட்ட எதுவுமே தராது, மயிலாப்பூர்ல கச்சேரி கேக்கும்போது நெஞ்சு வலிச்சா பில் முழுக்க உங்க கைலதான். மெடிகேரோட சேர்த்து வாங்கற மெடிகேப்னு ஒரு துணை பாலிசி இருக்கு, அதுல சில பிளான் வெளிநாட்டு எமர்ஜென்சிக்கு, பயணத்தோட முதல் 60 நாளுக்குள்ள நடந்தா, 250 டாலர் கழிச்சு 80 சதவீதம் தரும், வாழ்நாளுக்கே மொத்தம் 50,000 டாலர்தான் வரம்பு. அக்கா மூணு மாசத்துக்கு மேல இங்க இருக்கறதால பிற்பாதில அதுவும் கிடையாது. மெடிகேர் அட்வான்டேஜ்னு தனியார் நடத்தற பிளான்ல இருந்தா சிலதுல உலகம் முழுக்க எமர்ஜென்சி இருக்கும், ஒவ்வொரு பிளானுக்கும் மாறும், கேட்டுக்கணும். அந்த பிளான்ல இருக்கறவங்க தொடர்ந்து 6 மாசத்துக்கு மேல ஏரியாவை விட்டு வெளில இருந்தா பொதுவா பேரையே எடுத்துடுவாங்க, அதனால மே, ஜூன் வரைக்கும் நீட்டிச்சு இருக்கற ஆசை வந்தா யோசிச்சுக்கோங்க.

மாத்தற சீசன் அக்டோபர் 15லேர்ந்து டிசம்பர் 7 வரைக்கும், மாத்தினது ஜனவரி 1லேர்ந்து அமலுக்கு வரும். அக்கா ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சுடணும், இங்க வந்து பார்த்துக்கலாம்னா கதவு சாத்தியிருக்கும். அட்வான்டேஜ்ல இருக்கறவங்களுக்கு மட்டும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைக்கும் ஒரே ஒரு தடவை மாத்த இன்னொரு சான்ஸ் உண்டு.

பார்க்க வேண்டியது, செப்டம்பர் கடைசிக்குள்ள அவங்க பிளான்லேர்ந்து "அடுத்த வருஷம் என்னென்ன மாறுது"ன்னு ஒரு கடிதம் வந்திருக்கும், பையன் அதை விளம்பரம்னு நினைச்சு குப்பையில போட்டிருப்பான், தேடி எடுக்கச் சொல்லுங்க. அதுல ரெண்டு பேரோட மாத்திரை ஒவ்வொண்ணும் பிளானோட அடுத்த வருஷ மருந்து லிஸ்ட்ல இருக்கா, எந்த விலை அடுக்குல இருக்கு, அவங்க டாக்டர் இன்னும் நெட்வொர்க்ல இருக்காரா, இதை பார்த்தா பாதி வேலை முடிஞ்சது. மருந்துக்கு கைக்காசு வருஷத்துக்கு 2025ல 2,000 டாலருக்கு மேல போகாதுன்னு இருந்தது, 2026க்கு 2,100, ஆனா லிஸ்ட்ல இல்லாத மாத்திரைக்கு இந்த வரம்பு பேசாது. மெடிகேர்ல டாக்டர் ஃபீஸை பார்த்துக்கற பார்ட் பிங்கற பகுதிக்கு பிரீமியம் மாசம் 2025ல 185 டாலர், 2026ல 202.90, அது எந்த பிளான்ல இருந்தாலும் கட்டியே ஆகணும். "பிரீமியம் பூஜ்யம்"னு போன்ல சொல்றாங்களே, அதுல இது அடங்காது.

அந்த போனை பத்தி சொல்லணும்னா, கேக்காம தானா போன் பண்ணி பிளான் விக்க கூடாதுன்னு அங்க விதியே இருக்கு. மெடிகேர் நம்பரை போன்ல சொல்லிடாம வெச்சுடச் சொல்லுங்க. ஒவ்வொரு மாநிலத்துலயும் ஷிப்னு இலவச ஆலோசனை உண்டு, நியூஜெர்சிலயும் இருக்கு, கமிஷன் வாங்காதவங்க, அங்க கேக்கட்டும். அட்வான்டேஜை விட்டுட்டு பழைய மெடிகேருக்கு திரும்பறதா இருந்தா மட்டும் ஒரு எச்சரிக்கை: திரும்ப முடியும், ஆனா மெடிகேப் வாங்கப் போனா பெரும்பாலான மாநிலத்துல உடம்பு பத்தி கேள்வி கேட்டு மறுக்கலாம், அது கிடைக்குமான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் விடட்டும்.

இங்க இருக்கற நாளுக்கு, அவங்களுக்கு பழைய இந்திய பாலிசி ஏதாவது உயிரோட இருந்தா அதை தொடர்ந்து கட்டுங்க, அமெரிக்கா போயிட்டோமேன்னு விட்டவங்க நிறைய பேர். இல்லைன்னா வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களுக்கும் இங்க பாலிசி குடுக்கற கம்பெனி இருக்கு, வைத்தியம் இங்க நடக்கணும். வெயிட்டிங் உண்டுங்கறதால இந்த சீசனுக்கு உதவாது, இந்த சீசனுக்கு அங்கேயே டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கிட்டு வரட்டும், ஏற்கெனவே இருக்கற வியாதிக்கு உண்டான்னு கேட்டு எடுக்கட்டும்.

ஓஎம்ஆர்ல ஐடி வேலை. கம்பெனி குரூப் பாலிசில அப்பா அம்மா ரெண்டு பேரும் 5 லட்சத்துக்கு இருக்காங்க. அவங்களோட தனி பாலிசிக்கு வருஷம் 41,000 தண்டம்தானே, இந்த ரினீவலோட நிறுத்திடலாமா? (பி.கே., மேடவாக்கம்)

நிறுத்தாதீங்க தம்பி. உங்க கம்பெனி பாலிசி உங்க வேலையோட ஒட்டினது, ஐடில வேலை எவ்ளோ நாளுக்குன்னு உங்களுக்கே தெரியும். அடுத்த வருஷம் ஹெச்ஆர் பெற்றோர் கவரை எடுத்துட்டாலும் யாரையும் கேக்க முடியாது. பணம் இடிக்குதுன்னா தனி பாலிசியோட தொகையை குறைச்சுக்கோங்க, தொடர்ச்சியை மட்டும் அறுக்காதீங்க. இப்போதைக்கு சின்ன க்ளெய்ம் வந்தா கம்பெனி பாலிசில பண்ணிட்டு தனி பாலிசில போனஸ் ஏற விடுங்க.

அப்பாவுக்கு 74, பிபியும் சுகரும் இருக்கு, இதுவரைக்கும் பாலிசியே எடுத்ததில்ல. 65க்கு மேல தர மாட்டாங்கன்னு பக்கத்து வீட்டு ஏஜென்ட் சொல்றாரு. சுகரை சொல்லாம எடுத்தா கிடைக்கும்ங்கறாரு. (ஜே., அம்பத்தூர்)

அந்த ஏஜென்ட்டை மாத்துங்க. 65 வயசு கட்டுப்பாடு 2024 ஏப்ரல்லயே போயிடுச்சு, எந்த வயசுக்கும் பாலிசி குடுக்கலாம், மெடிக்கல் டெஸ்ட் கேப்பாங்க, பிரீமியம் கூட இருக்கும், சில கம்பெனி மறுக்கும், ரெண்டு மூணு எடத்துல கேட்டு பாருங்க. சுகரை மறைக்காதீங்க. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல "சுகர் 12 வருஷமா"ன்னு டாக்டர்கிட்ட அப்பாவே சொல்லிடுவாரு, அந்த ஒரு வரியிலயே க்ளெய்ம் போயிடும், பாலிசியும் போகலாம். உள்ளதை சொல்லி எடுத்தா அதிகபட்சம் 3 வருஷம் காத்திருந்தா சுகர் சம்பந்தப்பட்டதுக்கும் கிடைக்கும்.

அதுக்கிடையில 70 தாண்டினவங்களுக்கு வருமான வரம்பே இல்லாம குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்னு மத்திய அரசோட ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு 2024 அக்டோபர் 29லேர்ந்து இருக்கு, ஆதார் வெச்சு பதியணும். கார்டு வாங்கினா மட்டும் போதாது, நீங்க அப்பாவை கூட்டிட்டு போற ஆஸ்பத்திரி அதை எடுத்துக்குதா, எந்தெந்த வைத்தியத்துக்குன்னு இப்பவே, உடம்பு நல்லா இருக்கும்போதே, நேர்ல போய் கேட்டு வெச்சுக்கோங்க.

டிஸ்சார்ஜ்னு டாக்டர் காலைல சொன்னா ராத்திரி வரைக்கும் இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரலன்னு உக்கார வெக்கறாங்களே, இதுக்கு வழியே இல்லையா? (எம்., தாம்பரம்)

இருக்கு. கேஷ்லெஸ் கேட்டு 1 மணி நேரத்துல முதல் அனுமதி, ஆஸ்பத்திரி ஃபைனல் பில் அனுப்பின பிறகு 3 மணி நேரத்துல கடைசி அனுமதி தரணும்னு 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ சொல்லிடுச்சு. 3 மணி நேரத்தை தாண்டி அதனால ஆஸ்பத்திரி கூடுதலா ஏதாவது வாங்கினா அதை இன்ஷூரன்ஸ் கம்பெனியே கட்டணும், உங்க தலையில கட்ட முடியாது. ஆனா பாதி நேரம் தாமதம் கம்பெனியில இல்ல, ஆஸ்பத்திரியே ஃபைனல் பில்லை மத்தியானம்தான் அனுப்பும். அதனால டெஸ்க்ல "அப்ரூவல் வந்துச்சா"ன்னு கேக்காதீங்க, "பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினீங்க"ன்னு கேளுங்க.

அம்மா பாலிசிக்கு நான்தான் கட்டறேன். வரி விலக்கு எனக்கு கிடைக்குமா? ஏஜென்ட் கிட்ட கேஷா குடுத்துட்டேன். (டி.ஆர்., பெரம்பூர்)

பழைய வரி முறைல இருந்தா ஹெல்த் பிரீமியத்துக்கு வரி விலக்கு தர்ற 80டி பிரிவுல பெத்தவங்க 60 தாண்டியிருந்தா 50,000 வரைக்கும் உங்களுக்கு உண்டு, புது முறைல இருந்தா கிடையாது. கேஷா குடுத்த பிரீமியத்துக்கு எந்த முறைலயும் கிடையாது, அடுத்த தடவை யுபிஐயோ செக்கோ கம்பெனி பேர்லயே கட்டிடுங்க, ஏஜென்ட் கைல குடுக்காதீங்க. இப்ப குடுத்த பணத்துக்கு கம்பெனி ரசீது வந்துச்சான்னு மட்டும் இன்னிக்கே பார்த்துடுங்க.